தலை மழுங்கிய போல்ட்: நெருக்கமான எஞ்சின் அறைக்குள் அதைக் கழற்றும் முழு வழிகாட்டி

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கிவிட்டது. போல்ட் அசையவில்லை, மூலைகள் மட்டும் தேய்ந்து பளபளக்கின்றன. அதே ஸ்பேனரை இன்னொரு தடவை போட்டு இழுத்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். மழுங்கிய போல்ட்டை எடுக்க வழிகள் நிறையவே உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தலையிலிருந்து கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும். ஆகவே ஒரு வழி தோற்றாலும் அடுத்தது மிச்சமிருக்கும்படி வரிசை பிடித்துப் போக வேண்டும். உளியை முதலில் எடுத்தவருக்கு அப்புறம் சாக்கெட் உதவாது. டிரில்லை முதலில் எடுத்தவருக்குப் பெரும்பாலும் பிடிக்கத் தலையே இருக்காது.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம்: தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் போல்ட். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட்; அதை மூடியிருக்கும் உறைதான் ஹவுசிங். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் ஒரு முனையில், கியர்பாக்ஸுக்கு மேலே, பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் அடியில் இந்த ஹவுசிங் ஒளிந்திருக்கும். போல்ட் எம்6, அதாவது மரை 6 மி.மீ.; தலைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். பானட்டுக்குள் அதிகம் மழுங்குவது இந்த அளவுதான். எம்8 போல்ட்டுக்கு ஜப்பானிய வழி வந்த கார்களில் 12, ஐரோப்பிய வழி வந்தவற்றில் 13 என்று நம்பர் மாறும். முறை மாறாது.

இது ஏன் இறுகிப்போகிறது? போல்ட் எஃகு, அது இறங்கியிருக்கும் இடம் அலுமினியம். கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் துளித்துளியாகக் கசிந்தால், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ஈரம் நின்று அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அரித்துப்போன அலுமினியத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது மரைக்குள் ஆப்பு வைத்ததுபோல் இறுகும். நம் ஊரில் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் உண்டு. அதிலுள்ள உப்பு இந்த அரிப்பை வேகப்படுத்தும். கடலோர ஊர்களில் ஓடும் கார்களில் வெளியிலிருந்தும் உப்புக்காற்று சேர்ந்துகொள்ளும்.

எம்6 போல்ட்டின் அறுகோணத் தலை 4 மி.மீ. உயரந்தான். இதை எப்போதும் மனதில் வையுங்கள். சாக்கெட் பாதி மட்டும் உட்கார்ந்தால் 2 மி.மீ. இரும்புதான் மொத்த விசையையும் தாங்குகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் அதுவும் இல்லை.

முதலில் பாருங்கள்

கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள். தலை நுழையாத இடத்தில் கைப்பேசி நுழையும். எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நீளக் கைப்பிடி வைத்த சிறு கண்ணாடி ஒன்றும் கடையில் கிடைக்கும். தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. மூலைகளில் எத்தனை மிச்சம்? தலைக்கு நேர் மேலே எவ்வளவு இடம் இருக்கிறது? ஸ்பேனர் எத்தனை டிகிரி சுழல முடியும்?

72 பல் உள்ள ராட்செட்டுக்கு (முன்னும் பின்னும் ஆட்டியே சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி) 5 டிகிரி அசைவு போதும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனருக்கு 30 டிகிரி வேண்டும். அதனால்தான் நெருக்கமான இடத்தில் வேலை செய்பவர்கள் பல் அதிகமுள்ள கால் இன்ச் ராட்செட்டை விட மாட்டார்கள். நீங்கள் வாங்கப் போவது ஒரே ஒரு கருவி என்றால் அதையே வாங்குங்கள்.

போல்ட் உண்மையில் எந்த வகையில் கெட்டிருக்கிறது என்பதையும் இப்போதே பிரித்துப் பாருங்கள். தலை மழுங்கி ஸ்பேனர் வழுக்குவது ஒரு வகை. தலை நன்றாக இருந்தும், போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே வெளியே வராமல் இருப்பது இன்னொரு வகை. அங்கே போயிருப்பது உள்ளே இருக்கும் மரை. அதற்கு வைத்தியம் வேறு, பிறகு வருகிறேன்.

கை வைக்கும் முன்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கூலன்ட் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் நிற்கும். மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடும். ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். சாவி எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் பட்டு பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும். கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் வடித்து உடனே மூடி வையுங்கள். அது இனிக்கும் விஷம். நாயும் குழந்தையும் நக்கிவிடும். காருக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை நம்பாமல் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். உளியும் டிரில்லும் வரும் வேலை இது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பாக வேண்டும்.

பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டும், டீசல் காரின் உயர் அழுத்த எரிபொருள் குழாய்களும் வீட்டில் முயலும் வேலை கிடையாது. ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிறக் கம்பி பக்கத்தில் ஓடினாலும் அப்படியே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

இடத்தை உண்டாக்குங்கள்

என் கணக்கில் இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். அவசரப்படுபவர்கள் தவறவிடுவதும் இதைத்தான். கையை ஒடித்து வளைத்து, எக்ஸ்டென்ஷன் கம்பியில் யுனிவர்சல் ஜாயின்ட் (மடங்கும் இணைப்பு) மாட்டி, சாய்வாகச் சாக்கெட்டை வைத்து அரை மணி நேரம் போராடுவார்கள். பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் எடுத்துவிட்டால் அதே போல்ட் நேருக்கு நேர் நிற்கும். யுனிவர்சல் ஜாயின்ட் வசதியான கருவிதான், ஆனால் இறுகிய போல்ட்டுக்கு ஆகாது. திருப்பும்போது அது சாக்கெட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் மூலை மழுங்குகிறது.

நம் போல்ட்டுக்கு வரிசை இப்படி. ஏர் ஃபில்டர் பெட்டியை அதன் குழாயோடு எடுங்கள். அதிலுள்ள சென்சார் ஒயரின் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் விரலால் அழுத்தி விடுவியுங்கள். பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும். அப்புறம் பேட்டரி. அதன்பின் பேட்டரி உட்காரும் தட்டு. மூன்று நான்கு போல்ட்டுதான், ஆனால் அதை எடுத்ததும் கிடைக்கும் இடம் பெரிது. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய போல்ட்டுகளை, அவை எங்கிருந்து வந்தன என்று எழுதிய சிறு கவர்களில் போடுங்கள். திறந்து நிற்கும் காற்றுக் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தால் இந்த போல்ட் பிரச்சினையே சின்னதாகிவிடும். கியர்பாக்ஸின் மேலும் ஒரு துணியை விரித்து வையுங்கள். கை தவறுவது அதில் தங்கும்.

உங்கள் போல்ட் வேறு இடத்தில் இருந்தால் வேறு கதவு திறக்க வேண்டியிருக்கும். பெல்ட் ஓடும் பக்கத்தில் இருப்பவற்றுக்கு முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தால் வழி கிடைக்கும். பின்பக்கச் சுவரை ஒட்டியவற்றுக்கு வைப்பருக்குக் கீழே உள்ள தட்டை எடுக்கலாம், இல்லாவிட்டால் அடியிலிருந்து போகலாம். எதுவும் ஒத்துவராவிட்டால், எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கி, அந்தப் பக்க மவுன்ட்டைக் கழற்றி எஞ்சினைச் சில செ.மீ. ஏற்றவோ இறக்கவோ செய்வதும் உண்டு. பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் ஹோஸ், ஒயர் எதுவும் இழுபடவில்லை என்று ஒவ்வொரு செ.மீ.க்கும் பார்க்க வேண்டும்.

திசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போல்ட்டின் தலையைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். தலை உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாலோ, கண்ணாடியில் பார்த்து வேலை செய்தாலோ மூளை குழம்பிவிடும். இறுக்குகிற திசையில் முழு பலத்தையும் போட்டு எம்6 போல்ட்டை முறித்தவர்கள் இருக்கிறார்கள். அதே அளவு போல்ட் ஒன்றைக் கையில் எடுத்து, அந்தப் பக்கம் பார்த்தபடி பிடித்து, விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எண்ணெய், தட்டு, சூடு

தலையையும் அதைச் சுற்றியும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். துரு ஒட்டியிருந்தால் சாக்கெட் முழுசாக இறங்காது; அந்த 4 மி.மீ.யில் அரை மி.மீ. போனாலும் நஷ்டம்.

அடுத்து, ஊடுருவும் எண்ணெய். எல்லார் வீட்டிலும் இருப்பது டபிள்யூடி-40. அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவான திரவம். இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே தனியாகச் செய்த எண்ணெய்கள் அதைவிட நன்றாக வேலை செய்யும், கிடைத்தால் அதை வாங்குங்கள். தலையின் மேல் நிறைய ஊற்றிப் பயனில்லை. தலையும் ஹவுசிங்கும் சேரும் கோட்டில் கொஞ்சமாக விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி விட வேண்டும். இரவு விட்டுக் காலையில் கழற்றுவது என்று திட்டமிட்டால் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

தட்டுவது என்றேனே, அது ரொம்ப முக்கியம். பித்தளைத் தண்டு ஒன்றைப் போல்ட்டின் தலை நடுவில் நேராக வைத்து, சிறு சுத்தியலால் டக் டக்கென்று பல தடவை தட்டுங்கள். அந்த அதிர்வு மரைக்குள் இருக்கும் பொடியை நொறுக்கி எண்ணெய்க்கு வழி விடும். ஓங்கி அடிக்க வேண்டாம். வார்ப்பு அலுமினிய ஹவுசிங்கின் காதில் அடி விழுந்தால் அது வெடிக்கும். கை வீச இடமில்லை என்றால் நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியைப் போல்ட்டின் மேல் நிறுத்தி, அதன் மறுமுனையைப் பானட்டுக்கு வெளியிலிருந்து தட்டலாம்.

மூன்றாவது சூடு. சூடேறும்போது அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைச் சூடாக்கினால் துளை கொஞ்சம் தளரும். ஹாட் ஏர் கன் போதும். சில நிமிடம் ஒரே இடத்தில் காட்டுங்கள். தீ எரியும் டார்ச்சை இந்த இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ரப்பர் ஹோஸ், ஒயர், எரிபொருள் குழாய் எல்லாம் இருக்கும். போதாததற்கு அலுமினியம் இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்கை காட்டாது. 660 டிகிரியில் சொல்லாமல் கொள்ளாமல் உருகும். சூடு காட்டும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், அது பற்றிக்கொள்ளும். சில போல்ட்டுகளில் மரைப் பசை போட்டிருப்பார்கள். நீலப் பசை கைக்கருவிக்கே விட்டுக்கொடுக்கும்; சிவப்புப் பசைக்கு 250 டிகிரி அளவில் சூடு தேவைப்படும்.

பிடியைத் தேடுங்கள்

இனிமேல்தான் தலையில் கை வைக்கிறோம். இறங்கு வரிசையில் போவோம்.

முதலாவது, ஆறு முனைச் சாக்கெட். பன்னிரண்டு முனை உள்ளது மூலைக்கு மிக அருகில் அழுத்தும். ஆறு முனை தட்டையான பக்கத்தில் அழுத்தும். லேசாக மழுங்கிய தலை பெரும்பாலும் இதற்கே வந்துவிடும். ஒரு நுணுக்கம்: எந்தச் சாக்கெட்டின் வாயிலும் உள்விளிம்பைச் சரிவாகத் தேய்த்திருப்பார்கள், போல்ட்டில் சுலபமாக இறங்குவதற்காக. அந்தச் சரிவு 1 மி.மீ. இருந்தால், 4 மி.மீ. தலையில் கால்பங்கு பிடி வீண். பழைய பத்தாம் நம்பர் சாக்கெட் ஒன்றின் வாயைக் கிரைண்டரில் அந்தச் சரிவு போகும்வரை தட்டையாகத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த தலைகளுக்கு இதைப்போல் உதவும் கருவி கடையில் எளிதில் கிடைப்பதில்லை.

அதுவும் வழுக்கினால், சற்றுச் சிறிய சாக்கெட்டைத் தலையின் மேல் அடித்து இறக்க வேண்டும். இங்கே நம் நூல் கணக்கு கைகொடுக்கும். மூன்று நூல் சாக்கெட், அதாவது 3/8 இன்ச், 9.5 மி.மீ. வரும், மழுங்கிய பத்தாம் நம்பர் தலைக்குச் சரியான இறுக்கம். பதின்மூன்றுக்கு நாலு நூல், அது 12.7 மி.மீ. எட்டாம் நம்பருக்கு இரண்டரை நூல், 7.9 மி.மீ. பன்னிரண்டுக்குப் பதினொன்றாம் நம்பர் பன்னிரண்டு முனைச் சாக்கெட்டைப் பார்க்கலாம். விலை குறைந்த பழைய சாக்கெட்டாக இருக்கட்டும், போல்ட் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அடிக்கும்போதும் எக்ஸ்டென்ஷன் மூலமாக நேராக அடியுங்கள்.

இதற்கென்றே விற்கும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டுகளும் உண்டு. உள்ளே முறுக்கு வரிகள் இருக்கும். இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்பத் தலையை மேலும் மேலும் கவ்வும். வட்டமாகவே ஆகிவிட்ட தலையையும் இது பிடிக்கும். ஒரு செட் வாங்கி வைத்தால் பல வருடம் உழைக்கும். நல்ல செட் கையில் இருந்தால் மேலே சொன்ன நூல் சாக்கெட் வேலையைத் தாண்டி நேராக இதற்கே வரலாம் என்பது என் கருத்து.

சாக்கெட் இறங்கவே மேலே இடமில்லை, பக்கவாட்டில் மட்டும் வழி இருக்கிறது என்றால் சிறு அரத்தால் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களைத் தேய்த்து எட்டாம் நம்பர் ஓப்பன் ஸ்பேனர் இறுக்கமாக உட்காரும்படி செய்யலாம். பொறுமையான வேலை, ஆனால் அலுங்காத வேலை. இரும்புத் தூள் ஹோஸுக்குள் போகாமல் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைஸ் கிரிப். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு கொல்லர் உருவாக்கிய இந்தப் பூட்டும் பிளையரைத்தான் இன்று எல்லாப் பட்டறையிலும் பார்க்கிறோம். தலையின் பக்கவாட்டில் குறைந்தது 4 மி.மீ. கவ்வும்படி, திருகைக் கடைசி அளவுக்கு இறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டும்போது கை வலிக்கவில்லை என்றால் அது வழுக்கும். நெருக்கத்தில் சிறிய, வளைந்த வாய் உள்ளதே நுழையும்.

கடைசியில் உளி. தலையின் விளிம்பில் கூரான உளியால் ஒரு வெட்டு உண்டாக்கி, பிறகு உளியைச் சாய்த்துக் கழலும் திசையில் தட்டுவது. சுத்தியல் வீசக் கொஞ்சமாவது இடம் வேண்டும்; ஹவுசிங்கில் படாத கோணமும் வேண்டும். எம்6 தலையில் எப்போதாவதுதான் இது எடுபடும், பெரிய போல்ட்டில் நன்றாக வேலை செய்யும்.

ஆலன் கீ போடும் குழித்தலை மழுங்கியிருந்தால் இந்த வரிசை செல்லாது. அதற்கு நட்சத்திர முனை பிட் ஒன்றைக் குழிக்குள் அடித்து இறக்குவார்கள்: 4 மி.மீ. குழிக்கு டி25, 5-க்கு டி30, 6-க்கு டி40.

திருப்பும்போது கை சொல்வதைக் கேளுங்கள்

பிடி கிடைத்ததும் முதல் அசைவு இறுக்கும் பக்கம் இருக்கட்டும், மிக லேசாக. சில சமயம் அந்தச் சிறு அசைவே பொடியின் பிடியை உடைத்துவிடும். பிறகு கழற்றும் பக்கம். ஒரு கை சாக்கெட்டைத் தலையோடு அழுத்திப் பிடிக்க, மறு கை மெதுவாக விசையைக் கூட்டட்டும்.

இரண்டு விதமான உணர்வு வரும். ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தால் நல்ல செய்தி: மரை விடுபட்டுவிட்டது. சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவதுபோல் மெதுவாக வந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே போல்ட் கழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது; இன்னும் கொஞ்சம் திருப்பினால் தலை கையோடு வந்துவிடும். மறுபடி எண்ணெய், தட்டு, சூடு என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

விடுபட்ட பிறகும் ஒரேயடியாகச் சுற்றி எடுக்காதீர்கள். கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. உள்ளிருந்து வரும் பொடி மரையில் அடைத்துக்கொண்டால் பாதி வழியில் மறுபடி இறுகும்; அப்போது அலுமினிய மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

தலையை வேண்டாம் என்று விடுவது

பிடி எதுவும் நிற்கவில்லை என்றால் தலையை நாமே எடுத்துவிடலாம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அறிவான வழி. தலை நடுவில் சென்டர் பஞ்சால் குறி வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. பிட்டால் தலையின் உயரம் அளவுக்கு மட்டும் துளையிட்டால் தலை வளையம்போல் கழன்று விழும். மற்ற போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு ஹவுசிங்கை உருவிவிடலாம். மிஞ்சும் தண்டின் மேல் இப்போது இழுவிசை எதுவும் இல்லை. தலையை இறுக்கிப் பிடித்திருந்த அழுத்தம் போய்விட்டது. ஹவுசிங்கின் தடிப்பு அளவுக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும். எண்ணெய், சூடு, அப்புறம் வைஸ் கிரிப்; பல தடவை சுலபமாகத் திரும்பிவிடும். ஹவுசிங்கை உருவும்போது நெம்பாதீர்கள். தண்டைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பிடித்திருந்தால், இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி எடுங்கள்.

தண்டு மட்டத்தோடு முறிந்துவிட்டதா? அப்போது டிரில்லுக்கு முன் வெல்டிங்கை யோசியுங்கள். முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக இரண்டையும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். ஆறியதும் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புவார்கள். எஃகு அலுமினியத்தோடு ஒட்டாது என்பதால் மரை பிழைக்கும். பற்றவைத்த சூடே துருவையும் உடைத்துவிடும். மிக் வெல்டிங்கில் கை பழகியவரிடம் கொடுங்கள். பேட்டரியின் இரண்டு கம்பியும் கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளாம்ப் போல்ட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பிரேக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்த இடத்தில் பற்றவைக்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனர் அந்தச் சூட்டில் உயிரைக் குடிக்கும் வாயுவாக மாறும்.

டிரில் கடைசி. எம்6 தண்டைத் துளைக்கத் துல்லியம் வேண்டும். பிட் அரை மி.மீ. விலகினாலும் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். நடுவைப் பிடிக்க ஒரு நல்ல தந்திரம்: ஹவுசிங்கையே மறுபடி இடத்தில் வைத்து மற்ற போல்ட்டுகளால் பிடித்து, அதன் துளைக்குள் சிறிய பித்தளைக் குழாயைச் செருகிவிட்டால் அது பிட்டுக்கு வழிகாட்டியாகும். குழாயை லேத்தில் ஐந்து நிமிடத்தில் கடைந்து தருவார்கள். இடம் போதாவிட்டால் செங்கோண டிரில் தலை வேண்டும். இடப்பக்கம் வெட்டும் பிட் கிடைத்தால் அதையே போடுங்கள். பாதித் துளையிலேயே தண்டு பிட்டோடு சேர்ந்து வெளியே சுழன்று வருவது உண்டு. பிட்டில் ஆழத்துக்கு ஒட்டும் டேப்பைச் சுற்றிக் குறி வையுங்கள், துளையின் மறுபக்கம் கூலன்ட் வழி இருக்கலாம். 5 மி.மீ. வரை நடுவில் துளைத்துவிட்டால் மிஞ்சுவது மரைச் சுருள்தான். கூர் ஊசியால் அதைக் கிளறி எடுத்து, எம்6 டேப் (மரை வெட்டும் கருவி) அடித்தால் பழைய மரை திரும்பக் கிடைக்கும்.

ஈஸி-அவுட் பற்றிக் கேட்பீர்கள்; முறிந்த தண்டில் துளையிட்டு, அதற்குள் இடஞ்சுழியாகத் திருகி வெளியே எடுக்கும் கருவி அது. எம்6-க்கு அதை நான் தொடவே மாட்டேன். 6 மி.மீ. போல்ட்டே முறியும் அளவுக்கு இறுகியிருக்கிறது; அதற்குள் நுழையும் ஈஸி-அவுட் 3 மி.மீ. அளவுதான். அது உள்ளே முறிந்தால் அந்தக் கடின எஃகைச் சாதாரண பிட் கீறக்கூட முடியாது. எம்10-க்கு மேல் யோசிக்கலாம்.

சுற்றிக்கொண்டே இருக்கும் போல்ட்

முன்பு சொன்ன இன்னொரு வகை இது. மரை பிய்ந்துபோனதால் போல்ட் சுழலும், ஏறாது. தலைக்கு அடியில் தட்டையான ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பிக்கொண்டே ராட்செட்டால் மெதுவாகக் கழற்றுங்கள். கீழே மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மரையில் அது பற்றி ஏறிவிடும். ஹவுசிங்கையே அதோடு சேர்த்து இழுத்துப் பிடித்தாலும் சரி. போல்ட் வந்தபின் துளைக்கு ஹெலிகாயில் போட வேண்டும். செட்டில் வரும் பிட்டால் துளையைப் பெரிதாக்கி, செட்டில் வரும் டேப்பை அடித்து, கம்பிச் சுருளை உள்ளே திருகினால் அதே எம்6 மரை எஃகில் அமைந்துவிடும். அலுமினியத்தில் முன்பு இருந்த மரையைவிட இது உறுதியானது.

திரும்பப் போடுவது

துளையை எம்6 டேப்பால் கையால் மட்டும் சுத்தம் செய்து, காற்றடித்துக் காய வையுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது ஒதுங்க வழியில்லாமல் அலுமினியத்தையே பிளக்கக்கூடும். கேஸ்கெட் உட்காரும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். கேஸ்கெட் கண்டிப்பாகப் புதிது.

போல்ட்டுகளும் எல்லாமே புதிதாக இருக்கட்டும், மழுங்கிய ஒன்று மட்டும் போதாது. பக்கத்துப் போல்ட்டும் அதே கூலன்ட்டில்தான் ஊறியிருக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்தது, பழையதன் அதே நீளம். நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தெரிந்தாலும் ஹவுசிங் கசியும். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடச் சொல்வார்கள். அலுமினியத்தோடு சேரும்போது அரிப்பு இன்னும் கூடத்தான் செய்யும், அதனால் இந்த இடத்தில் வேண்டாம்.

ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள். மரையின் வாய் சேரும் இடத்தில் சின்னதாக இறங்குவது தெரியும். அங்கிருந்து முன்னோக்கிச் சுற்றினால் குறுக்கு மரை ஏறாது. முடிந்தவரை விரலாலேயே இறக்குங்கள். இறுக்கும் அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அலுமினியத்தில் எம்6-க்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் பக்கம். மணிக்கட்டு விசைதான் அது. மரையில் ஆன்டி-சீஸ் (இறுகிப்போகாமல் காக்கும் பசை) தடவினால் உராய்வு குறைவதால் அதே டார்க்கில் (இறுக்கும் அளவில்) போல்ட் கூடுதலாக இழுபடும். ஆகவே மிக மெல்லியதாகத் தடவி, டார்க்கையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் போல்ட்டையும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

கழற்றியவற்றைப் படத்தைப் பார்த்துப் பின்னிருந்து முன்னாகப் பூட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி கடைசி. கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டை, கலக்காததாக இருந்தால் டிஸ்டில்டு தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் இனி இந்தக் காருக்கு வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றுங்கள். ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஓடட்டும். டார்ச் அடித்து ஹவுசிங்கின் அடிவிளிம்பைப் பாருங்கள். மறுநாள் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவை மறுபடி பாருங்கள். காற்று வெளியேறியதால் கொஞ்சம் இறங்கியிருந்தால் நிரப்பிவிடலாம். அதற்கடுத்த நாளும் இறங்கினால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.